அணு ரொக்கெட் என்ஜின் 60 வருசத்துக்கு முன்னமே ஓடிச்சு, அப்ப ஏன் இன்னும் பறக்கல?

களுவாஞ்சிக்குடியில இருந்து கணிதப் பிரிவில உயர்தரம் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். அமெரிக்காக்காரன் 1960களிலயே அணு ரொக்கெட் என்ஜின் செஞ்சு ஓட்டிப் பாத்திட்டான் எண்டு ஒரு வீடியோவில பாத்தாராம். அப்ப ஏன் இன்னும் ஒருத்தரும் அதுல செவ்வாய்க்கு போகல, வேணுமெண்டு மறைக்கிறாங்களா, மேல போகக்குள்ள பிழைச்சு எங்கட கடலுக்குள்ள விழுந்தா என்ன நடக்கும், மறுகா இதெல்லாம் படிக்க எங்கட பக்கத்து புள்ளைகளுக்கு வழி இருக்கா. நாலுமே நல்ல கேள்வி, அதால கொஞ்சம் விரிவாவே எழுதுறன், ஆறுதலா வாசிங்க தம்பி.

முதல்ல ஒண்டு, யாரும் எதையும் மறைக்கல. அந்த என்ஜின் ஓடினது முழு உண்மை, அறிக்கை எல்லாம் வெளியாலதான் கிடக்கு. அதைப் பறக்க விடாம வச்சிருக்கிறது அணு உலை இல்ல. அதுக்குத் தேவையான ஐதரசனை வச்சிருக்கிற தாங்கி, அதை ஓட்டிப் பாக்கிற இடம், அப்பிடி ஒரு என்ஜின் இல்லாட்டி போகவே ஏலாது எண்டு சொல்லுற மாதிரி ஒரு பயணம், இந்த மூண்டும்தான். கனபேர் அணு எண்டதும் குண்டையும் கதிர்வீச்சையும் மட்டும் பாக்கிறாங்க, உண்மையான சண்டை நடக்கிற இடம் தாங்கி எண்டது ஆருக்கும் தெரியிறதில்ல.

என்ஜின் எப்பிடி வேலை செய்யுது எண்டு பாப்பம். சம்மாந்துறை, அக்கரைப்பற்று பக்கம் அரிசி ஆலையில நெல் அவிக்கிற பொயிலர் பாத்திருப்பீங்கதானே, உமி எரியிறது ஒரு இடம், ஆவியாகிப் போற தண்ணி வேற, உமிட புகை நெல்லுக்குள்ள போறதில்ல. அணு வெப்ப ரொக்கெட்டும் அந்த மாதிரித்தான். யுரேனியம் பிளந்து சூட்டைக் குடுக்கும், அந்த சூட்டுக்குள்ளால திரவ ஐதரசனை ஓட விட்டா அது வாயுவாகி பின்னால நொசில் வழியா பாயும். எரியிறது எண்டு ஒண்டுமே இல்ல, ஒட்சிசனே தேவையில்ல. இப்ப இருக்கிற சாதாரண ரொக்கெட்டில எரிக்கிறதும் வெளிய தள்ளுறதும் ஒரே பொருள், ஐதரசனையும் ஒட்சிசனையும் எரிச்சா வெளிய வாறது பெரும்பாலும் நீராவி, அதை மாத்த உங்களுக்கு வழியில்ல. அணு உலை வந்தா எதைச் சூடாக்கி வெளிய தள்ளலாம் எண்டு நாமளே தெரிவு செய்யலாம்.

அந்தத் தெரிவிலதான் முழு லாபமும் இருக்கு. வெளிய பாயிற வாயுட வேகம், வெப்பநிலையை மூலக்கூற்றுத் திணிவால பிரிச்சு வர்க்கமூலம் எடுத்தா வாறதுக்கு விகிதசமம், நீங்க வாயு இயக்கக் கொள்கையில படிக்கிற அதே சங்கதிதான். நீராவிட மூலக்கூற்றுத் திணிவு 18, ஐதரசனுக்கு 2. கனபேர் அணு உலை எண்டா சூடு கூட, அதாலதான் வேகம் கூட எண்டு நினைக்கிறாங்க, அது சரியில்ல. ஐதரசன் ஒட்சிசன் எரியக்குள்ள அறைக்குள்ள கிட்டத்தட்ட 3,500 கெல்வின் வரும், அணு ரொக்கெட்டில அவ்வளவு விடேலாது, விட்டா எரிபொருள் கோல்களே உருகும், அதால 2,500, 2,700 அளவிலதான் நிப்பாட்டுவாங்க. சூடு குறைவு, ஆனாலும் வாயு லேசா இருக்கிறதால வேகம் ரெண்டு மடங்குக்குக் கிட்ட வருது. நல்ல இரசாயன என்ஜினில செக்கனுக்கு 4.4 கிலோமீற்றர் எண்டா இதுல 8.8 எண்டு வச்சிக் கணக்குப் பாக்கலாம்.

ரெண்டு மடங்கு எண்டா பெரிசாத் தெரியாது, ஆனா ரொக்கெட் சமன்பாட்டில அது அடுக்குக்குறியில போய் நிக்கிது. 1903ல சியோல்கோவ்ஸ்கி எழுதின சமன்பாடு அது. நீங்களே கல்குலேட்டரை எடுத்துப் பாருங்க, பூமிச் சுற்றுப்பாதையில 100 தொன் வச்சிருக்கீங்க, வேகத்தில செக்கனுக்கு 8 கிலோமீற்றர் மாற்றம் வேணும், அதாவது போய் வாறதுக்கு ஒரு பரும்படி அளவு. இரசாயன என்ஜினில 84 தொன் எரிபொருளாப் போயிடும், மிஞ்சிறது 16. அணு என்ஜினில 60 தொன் ஐதரசன் போகும், 40 மிஞ்சும். அந்த 40க்குள்ள என்ஜின், தாங்கி, ஆக்கள், சாப்பாடு எல்லாம் வரும், 16க்குள்ள அதே வேலையைச் செய்யிறது சரியான கஷ்டம். இதுக்காகத்தான் எல்லாரும் இதுல ஆசைப்பட்டாங்க.

இப்ப அதே கணக்கை கனவளவில போடுங்க, இந்தப் பகுதியைத்தான் வீடியோக்காரர் சொல்றதில்ல. திரவ ஐதரசன் ஒரு கன மீற்றருக்கு 71 கிலோதான், தண்ணி 1,000 கிலோ. 60 தொன் ஐதரசனுக்கு கிட்டத்தட்ட 845 கன மீற்றர் தாங்கி வேணும். இரசாயன ரொக்கெட்டுட 84 தொன்னில 72 தொன் ஒட்சிசன், அது பாரமான திரவம், 63 கன மீற்றருக்குள்ள அடங்கிடும், மிச்சம் 12 தொன் ஐதரசனுக்கு 170 அளவு, எல்லாம் சேத்து 235 கூட வராது. அதாவது எரிபொருள் பாரம் குறைஞ்ச அணு ரொக்கெட்டுக்கு தாங்கி மூண்டரை மடங்கு பெரிசு. பெரிய தாங்கி எண்டா அதுட பாரமும் கூட, ரொக்கெட்டுட முகப்புக்குள்ள அடங்காது, துண்டு துண்டா ஏத்தி மேல பூட்டவேணும். அதுவும் மைனஸ் 253 பாகை செல்சியசில மாதக்கணக்கா வச்சிருக்க வேணும். ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் பூமிட சூடு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா கொதிச்சுப் போயிட்டே இருக்கும். செவ்வாய்க்குப் போய்ச் சேர ஆறேழு மாசம், அங்க காத்திருக்கிறது ஒரு வருசத்துக்கு மேல, திரும்பி வரக்குள்ள பத்த வைக்க ஐதரசன் மிஞ்சியிருக்க வேணும். இவ்வளவு ஐதரசனை இவ்வளவு காலம் விண்வெளியில கொதிக்காம வச்சிருந்து காட்டினவங்க இன்னும் ஒருத்தருமில்ல. என்னைக் கேட்டா இந்தத் தொழில்நுட்பம் வந்தாத்தான் மிச்சக் கதையே தொடங்கும்.

சரி, பழைய கதைக்கு வருவம். 1955ல அமெரிக்காட அணு ஆய்வுகூடமான லொஸ் அலமோசில ரோவர் எண்டு ஒரு திட்டம் தொடங்கினாங்க, முதல் உலை கிவி-ஏ 1959 ஜூலையில நெவாடா பாலைவனத்தில ஜாக்காஸ் ஃப்ளட்ஸ் எண்ட இடத்தில ஓடிச்சு. 1961 மே 25ல சந்திரனுக்கு ஆள் அனுப்புவம் எண்டு கென்னடி பேசினார் இல்லையா, அதே பேச்சில ரோவர் அணு ரொக்கெட்டுக்கும் காசு கேட்டார், அதை ஆரும் இப்ப ஞாபகம் வைக்கிறதில்ல. மறுகா நேர்வா எண்ட பேரில அதை உண்மையாப் பறக்கக்கூடிய என்ஜினா மாத்துற வேலை நடந்திச்சு. லேசான வேலை இல்ல. 1962 கடைசியில ஒரு கிவி உலையை ஓட்டக்குள்ள எரிபொருள் துண்டுகள் உடைஞ்சு நொசில் வழியா வெளிய பறந்திச்சு, காரணம் தேடிப் பாத்தா பாயிற ஐதரசனே கோல்களை அதிர வச்சிருக்கு. அதைத் திருத்தினாங்க. மறுகா சூடான ஐதரசன் எரிபொருள் கோலில இருக்கிற கிராபைட்டை அரிக்கிற பிரச்சினை, அதுக்கு நையோபியம் காபைட், சேர்க்கோனியம் காபைட் எண்டு பூச்சு பூசினாங்க, பூச்சு வெடிக்கும், திருப்பிப் பூசுவாங்க. வருசக்கணக்கா இதுதான் வேலை. எனக்கு இந்தத் திட்டத்தில கூட மதிப்பு வாறதே இந்தப் பொறுமையாலதான்.

1968ல பீபஸ்-2ஏ எண்ட உலை 4,000 மெகாவோட்டுக்கு மேல 12 நிமிசம் அளவில ஓடிச்சு. எங்கட நுரைச்சோலை மூண்டு அலகும் சேந்து 900 மெகாவோட் மின்சாரம், மற்றது வெப்பம், ரெண்டும் நேரா ஒப்பிடுற சாமான் இல்ல, ஆனாலும் ஒரு ரொக்கெட் என்ஜினுக்குள்ள எவ்வளவு சக்தி அடங்கியிருந்திச்சு எண்டு ஒரு அளவு பிடிபடும். 1969ல எக்ஸ்-ஈ எண்ட என்ஜினை 28 தரம் நிப்பாட்டி நிப்பாட்டி திருப்பி ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாங்க. அப்ப பறக்க விடுறதுக்கு மிச்சம் இருந்தது பயணம்தான், அந்த நேரம் பாத்து செவ்வாய்த் திட்டம் இல்லாமப் போயிட்டு, அப்பல்லோவே சுருங்கிட்டு, 1973 ஜனவரியில நேர்வாவை மூடினாங்க. என்ஜின் தோத்துப் போகல தம்பி, போறதுக்கு இடம் இல்லாமப் போச்சு. சோவியத்காரரும் ஆர்டி-0410 எண்டு சின்னதா ஒண்டு செஞ்சு செமிபலட்டின்ஸ்கில பரிசோதிச்சவங்க, அதுவும் பறக்கல.

குண்டு வெடிக்க வெடிக்கத் தள்ளிப் போற ஓரியன் எண்ட யோசனையைப் பற்றியும் அந்த வீடியோவில வந்திருக்கும் எண்டு நினைக்கிறன். டெட் டெய்லர், ஃப்ரீமன் டைசன் எண்ட ரெண்டு பௌதிகவியலாளரும் 1958 தொடக்கம் வேலை செஞ்சவங்க, 1959ல சாதாரண வெடிமருந்தை வச்சு ஒரு சின்ன மாதிரியை நூறு மீற்றர் அளவுக்கு எழுப்பியும் காட்டினவங்க. 1963 பகுதி அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்த பிறகு விண்வெளியில குண்டு வெடிக்க ஏலாது. அதோட அது முடிஞ்சு, முடிஞ்சதும் நல்லதுதான்.

இப்ப அதே நேர்வாவை திருப்பிச் செய்யலாமே எண்டு கேப்பீங்க. அண்டைக்கு பாலைவனத்தில வானத்தைப் பாத்து ஐதரசனை அப்பிடியே ஊதி விட்டாங்க, அதோட சேந்து கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளும் கொஞ்சம் காத்தில போச்சு. இண்டைக்கு அப்பிடிச் செய்ய ஒரு நாடும் விடாது, விடவும் கூடாது. வெளிய வாற வாயு முழுக்கப் பிடிச்சுக் கழுவி வடிகட்டுற நிலையம் கட்டவேணும், 1972ல நியூக்ளியர் ஃபர்னஸ் எண்ட சின்ன உலையில அதைச் செஞ்சு காட்டியிருக்காங்க, ஆனா முழு அளவு என்ஜினுக்கு அது பெரிய செலவு. ரெண்டாவது, அண்டைக்குப் பாவிச்சது குண்டுத் தரத்துக்குக் கிட்டச் செறிவாக்கின யுரேனியம், இப்ப 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கிறதைத்தான் பாவிக்கப் பாக்கிறாங்க, அப்பிடியெண்டா உலைட வடிவமைப்பே முழுக்க மாறும்.

நாசாவும் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டார்ப்பாவும் சேந்து 2023 ஜனவரியில ட்ராக்கோ எண்டு ஒரு அணு ரொக்கெட் திட்டத்தை அறிவிச்சாங்க, கலம் லொக்கீட் மார்ட்டின் கொம்பனி, உலை பிடபிள்யூஎக்ஸ்டி கொம்பனி, 2027 அளவில சுற்றுப்பாதையில ஓட்டிக் காட்டுற திட்டம். 2025ல அதையும் கைவிட்டாங்க. ஒரு முக்கிய காரணம், ரொக்கெட் ஏத்துற செலவு கீழ இறங்கினது. எரிபொருளை மலிவா மேல ஏத்தலாம் எண்டா எரிபொருளை மிச்சம் பிடிக்கிற என்ஜினுக்கு மதிப்புக் குறையும்தானே. அந்தக் கணக்கு காசுக்கு மட்டும் பாத்தா சரி. ஆக்கள் போற பயணத்துக்கு அது காணாது எண்டதுதான் எண்ட கருத்து. கியூரியோசிட்டி கலம் செவ்வாய்க்குப் போற வழியில அளந்த கதிர்வீச்சு ஒரு நாளைக்கு 1.8 மில்லிசீவேர்ட் அளவு, பூமியில சராசரி மனிசன் ஒரு வருசத்துக்கு இயற்கையா வாங்கிறது 2.4. அதாவது வழியில ஒண்டரை நாள் இருந்தாலே ஒரு வருசக் கணக்கு தாண்டிடும், பெர்சிவரன்ஸ் எண்ட செவ்வாய்க் கலம் போய்ச் சேர ஆறரை மாசத்துக்கு மேல எடுத்திச்சு, 2020 ஜூலை 30ல வெளிக்கிட்டு 2021 பெப்ரவரி 18ல இறங்கினது. இயந்திரத்துக்கு அது பரவாயில்ல. மனிசருக்கு அந்த வழியைச் சுருக்கிற ஒவ்வொரு மாசமும் உடம்புக்கு நேரடி லாபம், அதை எரிபொருள் விலையோட ஒப்பிடக் கூடாது.

இன்னொரு சங்கதியும் சொல்லவேணும், உலையை நிப்பாட்டினாலும் சூடு நிக்காது. பிளவு நிண்ட உடனயே ஓடின சக்தியில 6, 7 சதவீதம் தேய்வு வெப்பமா வந்துட்டிருக்கும், 500 மெகாவோட்டில ஓடினதெண்டா 30 மெகாவோட்டுக்கு மேல. அது மெதுவாத்தான் குறையும். அதுவரைக்கும் ஐதரசனை விட்டுக் குளிராக்க வேணும், அந்த ஐதரசன் அவ்வளவு சூடேறாததால நல்லாத் தள்ளவும் மாட்டாது. நான் மேல போட்ட கணக்கில இது சேரல, சேத்தா லாபம் இன்னும் கொஞ்சம் குறையும்.

இனி பயம். மேல போகக்குள்ள வெடிச்சா எண்ட கேள்வி எங்கட கரையில இருக்கிறவங்களுக்கு சும்மா கேள்வி இல்ல. இந்தியாட ஸ்ரீஹரிகோட்டாவில இருந்து துருவப் பாதைக்கு ஏவுற பிஎஸ்எல்வி ரொக்கெட் நேரா தெற்க வந்தா இலங்கைக்கு மேலால போகவேணும், அதால எங்களைச் சுத்திக்கொண்டு கிழக்கால வளைஞ்சு போகும், அந்த வளைவுக்கு எரிபொருள் வீணாகிறதும் இந்தியா குலசேகரப்பட்டினத்தில புது ஏவுதளம் கட்டுறதுக்கு ஒரு காரணம். அப்ப கல்லடிக் கடலுக்கு அங்கால ஒரு அணு உலை விழுந்தா?

இதில ரெண்டு விசயத்தைப் பிரிச்சுப் பாக்கவேணும். ஒருக்காவும் ஓடாத உலை பெரிசாக் கதிர் வீசாது. யுரேனியம்-235ட அரைவாழ்வுக் காலம் 70 கோடி வருசம், அவ்வளவு மெதுவாத் தேயிற பொருள். பயங்கரமான கதிர் எல்லாம் உலை ஓடின பிறகு உண்டாகிற பிளவு விளைபொருள்களில இருந்து வாறது. அதால சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் உலையைத் தொடங்கக் கூடாது எண்டது அடிப்படை விதி, 1992ல ஐநா பொதுச்சபை ஏற்ற கோட்பாடுகளிலயும் அது இருக்கு. ஆனா கடல் எண்டது தனிப் பிரச்சினை, யுரேனியத்தைப் பிளக்கிற துகளான நியூத்திரனைத் தண்ணி மெதுவாக்கும், மெதுவான நியூத்திரன் இன்னும் லேசாப் பிளக்கும், அதால ஓடாத உலைக்குள்ள தண்ணி புகுந்தா அதுவே தொடர் தாக்கத்தைத் தொடக்கி விடக்கூடும். இதுக்காக நியூத்திரனை உறிஞ்சிற போரன் மாதிரிப் பொருளை உள்ளுக்குள்ள வச்சுத்தான் ஏத்தவேணும், மேல போன பிறகுதான் அதைக் கழட்டலாம். வடிவமைக்கிறவங்க தலையை உடைக்கிற விசயங்களில இது ஒண்டு, நீங்க கடலைக் கேட்டது சரியான கேள்வி.

ஓடின உலை கீழ விழுந்த கதையும் இருக்கு. சோவியத்துட கொஸ்மொஸ் 954, ரேடாருக்கு கரண்ட் குடுக்க உலை வச்ச உளவுச் செய்மதி, 1978 ஜனவரி 24ல கனடாவுக்கு மேல உடைஞ்சு கதிர்த்தொழிற்பாட்டுத் துண்டுகளைப் பரப்பிச்சு. தாழ்வான பாதையில உலையை ஓட்டினா இதுதான் நடக்கும். அமெரிக்கா 1965ல ஏவின ஸ்னப்-10ஏ எண்ட உலை 43 நாள் ஓடி நிண்டிட்டு, ஆனா அது 1,300 கிலோமீற்றர் உயரத்தில, இன்னும் மேலதான் சுத்துது. வொயேஜர், கியூரியோசிட்டி, பெர்சிவரன்ஸில இருக்கிறதையும் சிலபேர் அணு உலை எண்டு எழுதுறாங்க. அதுல பிளவுத் தொடர் ஒண்டும் இல்ல, புளுட்டோனியம்-238 தானாத் தேயிற சூட்டில இருந்து கரண்ட் எடுக்கிறது, பெர்சிவரன்ஸில அது 110 வோட் அளவு. கலத்தைத் தள்ளுறதுக்கு அது காணாது.

இன்னொரு வழி இருக்கு, நான் கூட நம்பிக்கை வைக்கிறது அதுலதான். உலையால கரண்ட் எடுத்து அந்தக் கரண்டில அயன் என்ஜின், அதாவது மின்னேறின அணுக்களை மின்சாரத்தால வேகமா வெளிய தள்ளுற என்ஜின், ஓட்டுறது. நாசாட டோன் கலம் அயன் என்ஜினில சிறுகோள் வளையத்தில இருக்கிற வெஸ்டாவுக்கு 2011லயும் சீரிசுக்கு 2015லயும் போச்சு, தள்ளுவிசை 90 மில்லிநியூட்டன்தான், ஒரு கடதாசியைக் கையில வச்ச பாரம் போல, ஆனா வருசக்கணக்கா நிக்காமத் தள்ளும், ஐதரசன் தாங்கிப் பிரச்சினையும் இல்ல. அது சோலார் பெனலில ஓடினது. வியாழனில சூரிய வெளிச்சம் இங்க இருக்கிறதில 27ல ஒரு பங்கு, சனிக்கு அங்கால சோலாரை நம்பிப் பெரிய கலம் ஓட்டேலாது. அங்க உலைதான் வேணும். நாசா 2003ல வியாழன்ட நிலவுகளுக்கு இப்பிடி ஒரு கலம் அனுப்பத் தொடங்கி 2005ல நிப்பாட்டினாங்க, செலவு கைமீறிப் போச்சு.

இதுக்குள்ள முட்டுக்கட்டை சூட்டை வெளியேத்திறது. விண்வெளியில காத்தும் தண்ணியும் இல்ல, கதிர்ப்பால மட்டும்தான் போகும். வெப்பநிலைட நாலாம் அடுக்குக்கு ஏத்த மாதிரி கதிர்ப்பு கூடும் எண்ட ஸ்டெபான் விதியைப் போட்டுப் பாருங்க, 500 கெல்வினில ஒரு சதுர மீற்றர் தகடு கூடினது 3.5 கிலோவோட் வெளியேத்தும், 800 கெல்வினில 23. நாலாம் அடுக்குட வேலை அது. 2 மெகாவோட் கழிவுச் சூடு எண்டா 500 கெல்வினில 560 சதுர மீற்றர் தகடு, 800ல 90க்கும் உள்ள. ஆனா தகட்டைச் சூடா வச்சா கரண்ட் எடுக்கிற திறன் விழும். இந்த இழுபறியைத் தீக்கிறவங்கதான் வெளிக் கிரகங்களைத் திறப்பாங்க.

சின்ன அளவில இது நடந்தும் இருக்கு, 2018 மார்ச்சில நெவாடாவில கிரஸ்டி எண்ட சின்ன உலையை 28 மணித்தியாலம் ஓட்டி ஸ்டேர்லிங் என்ஜினால கரண்ட் எடுத்துக் காட்டினாங்க. சந்திரனில வைக்கிற உலைக்கும் இப்ப வேலை நடக்குது. என்ட எண்ணம், முதல்ல நிலையா ஓடப்போறது நிலவில வெளிச்சம் குடுக்கிற இப்பிடியான உலை, மறுகா அயன் என்ஜின், அதுக்குப் பிறகுதான் ஐதரசனை ஊதுற பெரிய என்ஜின்.

படிக்கிற வழி கேட்டீங்க. அணு எண்டு பேர் போட்ட பாடத்தைத் தேடி அலையத் தேவையில்ல, மேல சொன்ன பிரச்சினைகளைத் திருப்பிப் பாருங்க, பூச்சு வெடிக்கிறது பொருளியல்புப் பிரச்சினை, தாங்கி கொதிக்கிறதும் தகடு சூடாகிறதும் வெப்ப இடமாற்றம், கோல் அதிர்ந்தது இயந்திரவியல். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில பொறியியல் பீடம் இருக்கு, பேராதனை, மொறட்டுவ இருக்கு, பௌதிகவியல் விருப்பமெண்டா வந்தாறுமூலையிலயே கிழக்குப் பல்கலைக்கழகம், அணுவிஞ்ஞானமே வேணுமெண்டா கொழும்புப் பல்கலைக்கழகத்தில அதுக்கெண்டே ஒரு துறை இருக்கு. அமெரிக்காவில இந்த என்ஜின்களில நேரா வேலை செய்ய அந்த நாட்டுப் பாதுகாப்புச் சட்டங்கள் இடம் தராது, ஆனா ஐதரசனைக் கொதிக்காம வைக்கிறதும் உயர் வெப்பநிலைப் பூச்சும் உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிற இடங்கள், அதுக்குள்ள எங்கட புள்ளைகள் போகலாம். இப்பைக்கு உங்கட வாயு இயக்கக் கொள்கையையும் வெப்பக் கதிர்ப்பையும் பாஸ் பேப்பருக்கு மட்டும் எண்டு படிக்காம நான் போட்ட கணக்குகளை வேற எண் வச்சுச் செஞ்சு பாருங்க, ஐதரசனுக்குப் பதிலா அமோனியாவையோ தண்ணியையோ சூடாக்கினா வேகம் எவ்வளவு குறையும், தாங்கி எவ்வளவு சின்னனாகும் எண்டு. அமோனியா அந்தச் சூட்டில உடைஞ்சு நைதரசனும் ஐதரசனுமாப் போகும் எண்டதை மறக்காதீங்க, சராசரி மூலக்கூற்றுத் திணிவு 17 இல்ல, பாதியா வரும். விடையை எழுதி அனுப்புங்க தம்பி, பாத்துச் சொல்றன்.